தேங்காய் நார் மேலே ஒரு வீடு

போன வாரம் பெய்த மழையில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல். ஒரே ஒரு விரிசல்... அதுவும் நான் எழுதுகிற மேஜைக்கு நேர் மேலே!

கோபம் வந்ததா? இல்லை, சந்தோஷம்தான் வந்தது. "பார்த்தியா, நான் அப்பவே சொல்லலை?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவனியாபுரம் தாண்டி நாங்கள் வாங்கிய மனை சுத்தக் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும். கொத்தனார் காதர் பாய் ஒரு வழி சொன்னார். அஸ்திவாரத்துக்கு வானம் என்கிற பள்ளம் தோண்டி, அந்த மண்ணிலேயே சுண்ணாம்பும் வெட்டிய தேங்காய் நாரும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிப்பாராம். அதற்கு மேல்தான் கல்லாம்.

வீடு கட்டுகிறாரா, பாயசம் வைக்கிறாரா?

"நார் அழுகிப் போகாதா பாய்?"

"சுண்ணாம்பு இருக்கைல அம்புட்டு சீக்கிரம் அழுகாது சார்."

"கருப்பட்டிக்கு எறும்பு வருமே?"

"வந்தா வாய் வெந்து போகும் சார்."

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஆளை எப்படி நம்புவது? ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, குடையோடு போய்க் காவலுக்கு உட்கார்ந்தேன். சுண்ணாம்பைக் குறைக்கிறாரா, நாரை ஒளிக்கிறாரா... கண்ணை எடுக்கவில்லை.

அப்படிக் கட்டிய வீட்டில்தான் இப்போது விரிசல். பக்கத்து மனையில் வீடு கட்டப்போகிற வாத்தியார் வந்து, "பாய்கிட்டயே வேலையைக் குடுத்துரலாமாண்ணே?" என்று கேட்டார். விரிசலைக் காட்டினேன். மனுஷர் முகம் சுண்டிவிட்டது. பாய்க்கு இந்த வருஷம் வர இருந்தது அந்த ஒரு வேலைதான். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் காட்டினேன்.

வாத்தியார் சொல்லியிருப்பார் போல, மறுநாள் காலை பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. விரிசல் விட்ட மூலையை ஒட்டி வெளியே கடப்பாரை போட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார். வெறும் கரிசல். நாரும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

"இது நான் போட்ட மண்ணு இல்லையே சார்..."

அது யார் போட்ட மண் என்று எனக்குத் தெரியும். அஸ்திவாரம் போட்ட சமயம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாயும் ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். மேலே பூசி மெழுகிவிட்டு உள்ளே குப்பையைப் போட்டிருப்பாரோ என்று, அந்த மூலையை முழுசாகத் தோண்டி வெளியே வீசிப் பார்த்தேன். அடி வரைக்கும் ஒழுங்கான வேலை! அதற்குள் சைக்கிள் மணிச் சத்தம். அவசரத்தில், பக்கத்தில் குவிந்திருந்த கரிசலைத் தள்ளி, மிதித்து மூடிவிட்டேன்.

மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன். வெட்கக்கேடு, வேறென்ன? பாய் கத்தியிருந்தால் தேவலை. கடப்பாரையைத் துடைத்துச் சைக்கிளில் கட்டினார்.

"வாத்தியார்கிட்ட இதைச் சொல்லிருங்க சார்."

"இப்பவே போறேன் பாய்."

"அப்படியே இன்னொண்ணும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும், அவரை வீட்டுல படுத்துத் தூங்கச் சொல்லுங்க!"