லேபிள் கிழிந்த கேசட்

மரக்காணத்தில் உப்பு லாரிகளை எடை போடும் மேடையில் எனக்கு வேலை. லாரி காலியாக ஒரு முறை ஏறும், உப்பு ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏறும். இரண்டு எடையையும் கம்ப்யூட்டரில் பதிந்து சீட்டு எடுத்துக் கொடுப்பேன். லாரி வராத நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்திகளைப் பார்க்கலாம், ஆனால் வெயிலில் கண் கூசும். அதனால் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பேன். சினிமாப் பாட்டு இல்லை, வீடியோ கேம்களில் பின்னால் ஓடுமே, அந்த இசை. "இதெல்லாம் ஒரு பாட்டா? மிக்ஸி ரிப்பேரான மாதிரி இருக்குது" என்பாள் அம்மா.

அம்மாவுக்குப் பிடிக்காதது பிடித்தவர்கள் எட்டுப் பேர் போனில் கிடைத்தார்கள். என்னோடு ஒன்பது பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு கேம் இசையைக் குழுவில் போடுவார். எந்த கேம் என்று சொல்லக் கூடாது. மற்றவர்கள் மறுநாள் சாயங்காலத்துக்குள் கேட்டுவிட்டுப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும், ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். எல்லா மார்க்கும் வந்த பிறகுதான் பேர். பேரைப் பார்த்து யாரும் மார்க் போடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

குழுவில் நான் பயந்தது ஒரே ஆளுக்கு. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்யும் அக்கா. நாற்பதை நெருங்கும் வயது. அவர் எழுதுவதும் லேப் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். நான் முதலில் போட்டதற்கு "ஆரம்பம் சரி. அப்புறம் ஒண்ணுமில்ல. அஞ்சு" என்றார். இரண்டாவதற்கு நாலு. அந்த நாலைப் பார்த்த அன்று நான் வீட்டில் யாருடனும் பேசவில்லை.

மூன்றாவது தடவை என் முறை வந்தபோது, நானே செய்த ஒன்றைப் போட்டேன்.

எங்கள் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பது நான்தான். சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன். ஜூலையில் லோடு குறைந்த சில நாட்களில், போனிலேயே ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு, பழைய டிவி கேமில் வரும் அதே கீச்சுக் குரல்களில் ஒரு மெட்டுப் போட்டிருந்தேன். ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். என்னுடையது என்று சொல்லிப் போட்டிருந்தால் எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசியிருப்பார்கள். அதுதான் எனக்குப் பயம். நல்லபடியாகப் பேசினால் அதில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. மார்க் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பாட்டை ஒரு கட்டை ஏற்றி ஆரம்பித்துவிட்டேன். பாடியவர்கள் கத்த வேண்டியதாகிவிட்டது. கோயிலை விட்டு வெளியே வந்து போனைத் திறந்தேன். ஏழு, எட்டு, எட்டு, ஏழு. மதியத்துக்குள் மற்ற ஏழு பேரும் போட்டுவிட்டார்கள், அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு வந்தது.

"ஒன்பது. இதை நான் கேட்டிருக்கேன். எங்கேன்னு யோசிக்கிறேன்."

குழுவை நடத்துபவர் கேட்டார்: "சூப்பர். இன்னா கேம்? சொல்லுமா." என்னுடையது என்று இரண்டு முறை தட்டினேன், இரண்டு முறையும் அழித்தேன். இப்போது சொன்னால் அக்காவைப் பொய்யராக்கியது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் நான் பொய் சொன்னேன். "பழைய டிவி கேம் கேசட்ல இருந்தது. லேபிள் கிழிஞ்சிடுச்சு. பேர் தெரியல."

அன்று சாயங்காலமே அக்கா எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். அதுவரை எழுத்தில் மட்டுமே தெரிந்த ஆள். குரல் எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"பனிமலை லெவல்தானேம்மா அது? வழுக்கிக்கினே போவும், கரடி ஒண்ணு வரும். நானும் எந்தம்பியும் லீவு ஃபுல்லா அதைத்தான் ஆடுவோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"ஆமாங்க்கா" என்று ஒரு வார்த்தை எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு பதிவு. இந்த முறை அவர் அழுதுகொண்டே பேசினார். தம்பி கத்தாரில் இருக்கிறாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இறந்தபோது தம்பியால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை. அக்கா கோபத்தில் போனில் ஏதோ சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சே இல்லை. இப்போது, ஒரு வார்த்தையும் எழுதாமல், என் மெட்டை மட்டும் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வந்திருக்கிறது. "ஐஸ் லெவல். நீ எப்பவும் அந்த ரெண்டாவது பள்ளத்துல விழுவ." பிறகு போன் வந்திருக்கிறது. ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா" என்றார்.

எடை மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. லோடு ஏற்றி வந்த லாரியைக் காலி லாரி என்று பதிந்து அனுப்பிவிட்டேன். அந்த டிரைவர் பாதி வழியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கத்தினார். முதலாளியும் கத்தினார். இருவரும் கத்தியது எனக்குக் காதில் ஏறவில்லை.

"கேசட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, தம்பி கேக்குறான்" என்று அடுத்த வாரம் கேட்டார். பரண்மேல் இருக்கிறது என்றேன். அதற்கு அடுத்த வாரம் கேட்டபோது, அம்மா மூட்டை கட்டி எங்கேயோ வைத்துவிட்டாள் என்றேன். அவர் பெயர் திரையில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. "உடம்புக்கு இன்னாடி?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பஸ் ஏறிப் புதுச்சேரி போனேன். ஞாயிறு சந்தையில் பழைய சார்ஜர், ரிமோட் எல்லாம் குவித்து வைத்திருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, ஒரு டிவி கேம் கேசட் வாங்கினேன். மஞ்சள் கலர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதன் லேபிளைப் பிளேடால் சுரண்டினேன். பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தேன். முதலில் எடுத்த மூன்று படம் மங்கலாக விழுந்தது. நாலாவதை அனுப்பினேன்.

"மஞ்சளா? எங்களுது கறுப்பும்மா" என்று பதில் வந்தது. அடுத்த வரி: "சனிக்கிழமை எனக்கு லீவு. நானே வர்றேன்."

அது அக்டோபர். மழை தொடங்கி உப்பு எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். எனக்கும் வேலை இல்லை, வர வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இல்லை. பதினொரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஹேண்ட்பேக்கில் கேசட். வேறு ஏதோ ஒரு கேமின் கேசட்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் என்னைவிடக் குள்ளம். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பெரிய துணிப்பை. "நீதானே?" என்று கேட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனால் அம்மா ஏதாவது கேட்பாள் என்று கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாடகர் குழு பயிற்சி செய்யும் அறையில் யாரும் இல்லை. பழைய பாட்டுப் புத்தகங்களும், கீபோர்டும், இளைஞர் குழு படம் போடுவதற்காக வாங்கிய டிவியும் மட்டும் இருந்தன.

அக்கா டிவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு டிவி கேம் பெட்டி.

"லேப்ல ஒரு பொண்ணு வீட்ல இருந்தது. கேட்டு வாங்கினு வந்தேன். கேசட்டைக் குடு, போட்டுப் பாத்துடலாம். தம்பி வீடியோ கால்ல வர்றேன்னு சொல்லியிருக்கான்."

ஹேண்ட்பேக்கின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றேன். அதைத் திறக்க முடியவில்லை.

"அக்கா, கேசட் இல்லக்கா."

"போட்டோ அனுப்பினியே?"

"அது புதுச்சேரி சந்தையில வாங்கினது. அந்த மெட்டு எந்த கேம்லயும் இல்லக்கா. நான் போட்டது."

அவருக்குப் புரியவில்லை. போனை எடுத்து ஆப்பைத் திறந்து, வரிவரியாக நான் அடுக்கி வைத்திருந்த சுரங்களைக் காட்டினேன். கீபோர்டில் வாசித்தும் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அப்ப கரடி?"

"கரடி எனக்குத் தெரியாதுக்கா. நீங்கதான் சொன்னீங்க."

"அவனுக்கும் ஞாபகம் இருந்ததே. பள்ளம்லாம் சொன்னானே."

நான் கீபோர்டை அணைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, டிவி கேம் பெட்டியின் வயரைச் சுற்றிச் சுற்றிச் சின்னதாக்கினார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப அவன்கிட்ட நான் இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். போன் அடிக்கத் தொடங்கியது. தம்பிதான். அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்ததும் எழுந்து, குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். "வராதம்மா, நனையாத" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், அவருடைய தம்பி விஷயத்தைத் தவிர. சிலர் சிரித்தார்கள். ஒருவர் தான் போட்ட ஏழு மார்க்கை மூன்றாகக் குறைத்தார். குழுவை நடத்துபவர், மூன்று மாதத்துக்கு என் முறை கிடையாது என்றார். அக்கா படித்துவிட்டார் என்பது தெரிந்தது. பதில் எழுதவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"அவன்கிட்ட சொல்லிட்டேன்மா. நம்ப மாட்டேங்குறான். 'அந்தப் பொண்ணு எங்கேயோ கேட்டதைச் சுட்டுட்டு தன்னுதுன்னு சொல்லுது. இது ஐஸ் லெவல்தான்'னு சத்தியம் பண்றான். நீ நல்லா யோசிச்சுப் பாரு. சின்ன வயசுல எங்கனா ஆடியிருக்கியா?"

ஆடியிருக்கிறேன். கூனிமேட்டில் என்னோடு படித்த தோழி வீட்டில் டிவி கேம் இருந்தது. ஒரு கோடை முழுக்க அங்கேதான் கிடந்தேன். என்ன ஆடினோம் என்று நினைவில்லை. டிவியின் ஒரு ஓரம் பச்சையாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்தத் தோழிக்குப் போன் செய்தேன். "யாருக்குடி இப்ப அதெல்லாம் ஞாபகம் இருக்கும்? பனி வருமா, மழை வருமான்னு கேக்குற" என்று சிரித்தாள்.

பொய் சொன்னதற்குப் பயந்தது போய், சொன்ன பொய் உண்மைதானோ என்று பயப்பட ஆரம்பித்தேன். பழைய கேம்களின் பனி லெவல் இசைகளைத் தேடித் தேடிக் கேட்டேன். நூற்றுக்குமேல் இருக்கும். ஒவ்வொன்றின் முதல் சுரத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதுவும் என்னுடையது இல்லை. ஆனால் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் நான் கேட்டுவிடவில்லை.

டிசம்பரில் தம்பி ஊருக்கு வந்தார். இருவரும் சேர்ந்து மரக்காணம் வந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்த மதியம், அதே அறையில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். விரல் இரண்டு இடத்தில் தவறியது. தம்பி, உயரமான, முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்த மனிதர், கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறதைப் பாடுறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு முனகினார். முதல் ஐந்து சுரம் அப்படியே என்னுடையது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஆறாவதில் அவருடையது கீழே இறங்கியது. என்னுடையது அந்த இடத்தில் மேலே ஏறும்.

"இல்லடா, மேலதான் போவும்" என்றார் அக்கா.

"நீ எப்பக்கா முழுசா கேட்ட? அதுக்குள்ளதான் விழுந்துடுவியே."

"டேய், நான் ஒண்ணும் எப்பவும் விழல."

ஆளுக்கொரு விதமாகப் பாடிக்காட்டிச் சண்டை போட்டார்கள். என்னை மறந்துவிட்டார்கள். அரை மணி கழித்துத் தம்பி என்னிடம், "ஆரம்பம் மட்டும்தான் ஒண்ணா இருக்குது. மீதி உங்களுதுதான் போல" என்றார். அந்தப் 'போல' இல்லாமல் சொல்லியிருக்கலாம். அக்கா கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "உன்மேல கோவம் இன்னும் போவல. ஆனா அவன் இங்க நிக்கிறான், பாரு" என்றார். மார்க்கை ஒன்பதிலிருந்து ஏழாக்கிவிட்டதாகவும் சொன்னார். இரண்டாவது பாதி இழுக்கிறதாம். அது சரிதான். கேட்டுப் பார்த்தேன், இழுக்கிறது.

இப்போது மறுபடி லோடு தொடங்கிவிட்டது. குழுவில் என் முறையும் திரும்பி வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை புதிதாக ஒன்றை, என்னுடையது என்று முதலிலேயே சொல்லிப் போடப் போகிறேன். அதற்கு முன், இதுவும் எங்கேயோ கேட்டதுதானோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, மேடையில் நிற்கும் டிரைவர்களிடம் இயர்போனைக் கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன். மூன்று பேர் கேட்டதே இல்லை என்றார்கள். நேற்று நாலாவது ஆள் முழுவதையும் கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கேட்ட மாதிரிதான் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.