துர்கா டிரேடர்ஸ்

துர்காதேவி யாரையும் நம்ப மாட்டாள். கூடுவாஞ்சேரியில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிறாள். கறிக்கடையில் வாங்கியதை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பாள். புருஷன் சரவணகுமார் குளிக்கப் போனால் அவன் போனை நோண்டுவாள். அவனோ வாயில்லாப் பூச்சி. எனக்கே சில நாள் எரிச்சலாக வரும்.

அவள் உயிரெல்லாம் மதுராந்தகத்து வீட்டில்தான். கல்பாக்கத்தில் வேலை பார்த்து, நல்ல புடவைகூட எடுக்காமல், சொந்தச் சம்பளத்தில் கட்டிய வீடு.

ஒருநாள் சரவணகுமார் மல்லிகைப்பூவோடு வந்தான்.

"இன்னாய்யா, பூவெல்லாம் பலமா கீது?"

"சிமென்ட் கடை படுத்துடுச்சு துர்கா. கோர்ட்ல மஞ்ச நோட்டீஸ் குடுத்து திவாலாகப் போறேன். கடனெல்லாம் என் பேர்ல வாங்கினதுதானே, கடங்காரன் தொல்லை வுட்டுடும்."

மறுநாளே என்னிடம் ஓடிவந்தாள். "என் வூட்டு மேல கண்ணு வெச்சிகினுதான் பூ வாங்கியாந்துகிறான்க்கா!" எனக்கும் அப்படித்தான் பட்டது.

செங்கல்பட்டில் வக்கீல் ராமானுஜத்தைப் பார்த்தோம். அவரையும் நம்பாமல், "என் தங்கச்சி கேசு சார்" என்று ஆரம்பித்தாள்.

"சொந்தச் சம்பாத்தியத்துல கட்டின வீட்டைப் புருஷன் கடனுக்குத் தொட முடியாதும்மா. உங்க தங்கச்சி ஜாமீன் கையெழுத்து எதுவும் போடலையே?"

"அவளா? செத்தாலும் போடமாட்டா சார்."

"நல்லது. புருஷன் இப்ப எதையாவது அவங்க பேருக்கு மாத்தினா கோர்ட் ரத்து பண்ணிடும். இன்னொண்ணு, மஞ்ச நோட்டீஸ் குடுத்தாலும் ஜிஎஸ்டி பாக்கி போகாது. கடை யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவங்க கட்டியே ஆகணும். யார் பேர்ல இருக்கு?"

துர்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. கடை திறந்தபோது சரவணகுமாருக்கு ஏழரைச் சனி. பெண்டாட்டி ராசிதான் தூக்கி நிறுத்தும் என்றார் ஜோசியர். யாரையும் நம்பாதவள் அவரை மட்டும் நம்பி, தன் பேரில்தான் பதிய வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

"என் பேர்லதான் சார்" என்றாள். தங்கச்சியை மறந்துவிட்டாள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வரி பாக்கிக்கு உங்க வீட்டு மேலதாம்மா கை வைப்பாங்க."

நாங்கள் திரும்பி வந்தபோது சரவணகுமார் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வரி விஷயத்தைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன் துர்கா. சொல்ல தைரியம் வரல. பூவை மட்டும் குடுத்துட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவன் சொன்னதை அன்றுதான் அவள் அப்படியே நம்பினாள்.