அவர் போட்டதையே போடச் சொன்னார்கள்

எனக்கும் என் கணவருக்கும் ஒரே தொழில். அவர் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் செர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். நான் உப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அதே வேலையைப் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே இலவச லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்ற அறிவிப்பு வந்தபோது தலைவலியும் இருவருக்கும் ஒன்றாகவே வந்தது.

முதலில் உட்கார்ந்து படித்தவள் நான்தான். காசு கட்டி சப்போர்ட் வாங்கலாம். அல்லது பழையதன் மூல நிரலிலிருந்தே வேறு சிலர் இலவசமாகக் கட்டித் தருகிற வாரிசுக்குப் போகலாம். அதுவும் இல்லையென்றால், முற்றிலும் வேறு குடும்பத்து லினக்ஸுக்கு மாறிவிடலாம். அந்த வாரிசுதான் சரி, ஓடுகிற புரோகிராம்களை அதிகம் தொட வேண்டியிருக்காது என்று ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே அவர் ஆபீஸில் அதைப் பேசி முடித்துவிட்டார். ஒரே மீட்டிங். கைதட்டினார்களாம். மற்ற கிளைகளுக்கும் அவரே மாற்றித் தர வேண்டும் என்றார்களாம். எங்கள் ஊர் நாசரேத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பெற்ற அம்மாவே எல்லோரிடமும் மருமகன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வாரிசே பிடிக்காமல் போயிற்று. வேறு குடும்பத்து லினக்ஸைப் போட்டுக் காட்டுவோம் என்று ஒரு பழைய மெஷினில் அதை ஏற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஏற்றுமதிப் புரோகிராம் அதில் எழும்பவே இல்லை. பாதியை மறுபடி எழுத வேண்டும். வீம்புக்காக ஒரு கம்பெனியின் வேலையை நிறுத்த முடியாது. மனசே இல்லாமல் அதே பழைய மெஷினில் வாரிசை ஏற்றினேன். எல்லாம் எழும்பியது, எடைமேடையைத் தவிர. வேம்பாரிலிருந்து வரும் உப்பு லாரிகளின் எடை செர்வருக்கு வந்து சேரவில்லை. எடைமேடையோடு கேபிள் வழியாகப் பேசும் சிறிய புரோகிராமைப் புதிதாக எழுதி அதையும் சரிசெய்தேன். அதன் பிறகுதான் முதலாளியிடம் போனேன்.

முதலாளி சாத்தான்குளத்துக்காரர். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டார்: "வீட்டுக்காரரு என்னத்தப் போட்டிருக்காரு? அதையே நாமளும் போட்டுருவோம்மா."

நானும் அதையே சொல்லத்தான் வந்திருந்தேன். இப்போது அதைச் சொன்னால் கணவரைப் பார்த்து எழுதியவளாகிவிடுவேன். அதற்குள் முதலாளி அவருக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, அதக் கண்டுபிடிச்சதே அவதான்," என்றார் என் கணவர். "அவ சொன்னதத்தான் நான் இங்கன போட்டேன்."

முதலாளி போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியாம்மா, எவ்வளவு பெரிய மனசு. எந்தப் புருசன் இப்படி விட்டுக்குடுத்துப் பேசுவான்?"

உண்மையைச் சொன்னதற்கும் பாராட்டு அவருக்கே போயிற்று.

"மனசு பெருசுதான் அண்ணாச்சி. ஆனா அவரு விட்டுக்குடுக்கல. நடந்ததச் சொன்னாரு," என்றேன்.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். பிறகு, எப்போது மாற்றலாம் என்று என்னிடமே கேட்டார்.

ஒரு விடுமுறை நாளில் பேக்கப் எடுத்துவிட்டு மாற்றினேன். மறுநாள் காலையில் லாரிகள் வந்தன, எடை விழுந்தது, பில் அச்சானது. எதுவும் மாறியதாக ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்த கணவர், எடைமேடை ஓடுவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். அவர்கள் யார்டில் மாற்றிய நாளிலிருந்து எடையைக் கையால்தான் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்களாம்.

"ஏளா, இத எப்படிச் செஞ்ச? எனக்கும் சொல்லித் தாயேன்," என்றார்.

அவர் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. சந்தோஷமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.