ஓடை அணையை இடித்த வருஷம்

கட்டுவதற்குத்தான் டிப்ளமோ படித்தேன். எழுபதுகளின் கடைசியில் ஓவர்சியராகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் தனிப்பொறுப்பு, ஓர் அணையை இடிப்பது. அடி அண்ணாமலைக்குப் பின்னால் ஓடையின் குறுக்கே நின்ற பழைய கல்லணை அது. மண் மேவி, சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்திருந்தது. மழை வந்தால் தண்ணீர் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு கீழ்ப்பக்க வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

"கட்றதுக்கு எஸ்டிமேட் போடத் தெரியும் சார். இடிக்கறதுக்கு எப்டி?" என்று என் மேலதிகாரி ஏ.இ.யிடம் கேட்டேன்.

"மேல இருந்து ஒவ்வொரு வரிசையா எடுய்யா. ஓடை அது வழியில போவட்டும். மீன் மேல ஏறட்டும்."

மீனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. கீழ்ப்பக்கத்துக்காரர்களுக்கு விளங்கியது. புதுத்தண்ணிக்குக் கெண்டை ஏறுவதைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்று சொல்லிச் சொல்லி, தினமும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மேல்பக்கத்திலிருந்து காசிம் பாய் மட்டும் வந்தார். அணையை ஒட்டி அவருக்குக் கத்திரித் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன.

"ஓவர்சியர் சார், என் கிணத்த ஒரு தபா எட்டிப் பாத்துட்டு அப்புறம் கடப்பாரய போடுங்க."

"நாளைக்கு வரேன் பாய்" என்றேன். போகவில்லை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.

இடித்து முடித்தோம். முதல் வெள்ளம் நேராக ஓடியது, ஒரு வீட்டிலும் தண்ணீர் நுழையவில்லை. கெண்டை கூட்டம் கூட்டமாக எதிர்த்து ஏறியது. ஏ.இ. முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை விட்டு, தை மாதத்தில் காசிம் பாய் ஆபீசுக்கு வந்தார். வாழை இலையில் சுற்றிய இரண்டு மீன்களை மேசைமேல் வைத்தார்.

"என் தோட்டத்தாண்ட மடுவுல புடிச்சேன். அங்க மீனப் பாத்ததே இல்ல நானு. ஆனா கிணத்துல தண்ணி ரொம்பக் கம்மி, இஞ்சினு காத்த இழுக்குது. செடியெல்லாம் வாடிப்போச்சு. நான் சந்தோஷப்படறதா, உங்கள திட்டறதா? படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

அன்றே அவரோடு போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சுவரில் தெரிந்த பழைய தண்ணீர்க் கறைக்கு ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே தண்ணீர் கிடந்தது. அணையில் தேங்கிய தண்ணீர்தான் இத்தனை வருஷமும் அதில் ஊறியிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

கிணற்றை ஆழப்படுத்த எழுதிப் போட்டேன். அனுமதி வருவதற்குள் அந்த வருஷத்துக் கத்திரி போய்விட்டது. எண்பதுகளில் இன்னும் இரண்டு அணைகளை இடித்தேன். இரண்டிலும் மேல்பக்கக் கிணறுகளை அளந்து, ஆழப்படுத்திய பிறகே கல்லில் கை வைத்தேன்.

அந்த முதல் அணையை இடித்தது சரியா என்று கேட்டால் இன்றும் எனக்குக் குழப்பம்தான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேனே, அதில் மட்டும் குழப்பமில்லை.