பைலாடிலா எங்கே இருக்கிறது

முகர்ஜி நகரில் நூதன் குஷ்வாஹாவைத் தெரியாதவர்கள் இரண்டு வகைதான். நேற்று ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஒரு வகை. கலெக்டர் பரீட்சையில் பாஸாகி டெல்லியை விட்டே போய்விட்டவர்கள் இன்னொரு வகை. பாஸானவர்களுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. மற்ற அத்தனை பேருக்கும் அவள் ‘மேப் அக்கா’.

பீகாரில் ககடியா பக்கத்து மக்காச்சோளக் கொல்லையிலிருந்து, புவியியலை விருப்பப் பாடமாக எடுத்துக் கலெக்டர் ஆக வந்தவள். எட்டு வருடமாக ஆகிக்கொண்டே இருந்தாள். முப்பத்து நாலு வயது. ஐந்து முறை எழுதியாகிவிட்டது. ஆறாவதுதான் கடைசி, அதற்குமேல் வயது வரம்பு விடாது. அந்த வருடம் மெயின்ஸ் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் மனுஷி. டீயை நடந்துகொண்டே குடிப்பாள். டீ தீர்ந்தால் காகிதக் கோப்பையைப் பிரித்து அதன் உட்புறத்தில் இந்தியாவை வரைவாள். மழைநாளில் பஸ் கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் ஒரு இந்தியா. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் எதையும் பாராமல் பத்து இந்தியா. வரைபடக் கேள்வியில் பத்து இடம் கொடுப்பார்கள்; புள்ளி வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முப்பது சொல்லில் அதன் முக்கியத்துவம் எழுத வேண்டும். இடத்துக்கு இரண்டு மார்க்.

அந்த இரண்டு மார்க்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நேர்முகத் தேர்வு வரை போய், கடைசிப் பட்டியலில் இரண்டே மார்க்கில் கோட்டைவிட்டவள் அவள். இருபது மார்க்கில் தோற்றவன் தூங்குவான். இரண்டு மார்க்கில் தோற்றவளுக்கு ஏது தூக்கம்? சோலே குல்ச்சாவை வாயில் வைத்தபடியே சட்டென்று நிறுத்திவிடுவாள். ‘எங்கே போச்சு அந்த ரெண்டு?’

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு விடைத்தாள் திருத்தினாள். ஊரில் அவள் அப்பா, “எம் பொண்ணு டெல்லியில பேப்பர் திருத்துறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரிய பரீட்சை பேப்பரையே திருத்துகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், திருத்திக்கொடுத்த விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் குலேஸ்வரி நேதாம், சத்தீஸ்கரின் தென்கோடிக்காரி. வந்த வேகத்தில் மேஜைமேல் தாளை விரித்தாள்.

“அக்கா, பைலாடிலாவுக்கு ஏன் குறுக்கக் கோடு போட்டீங்க?”

“தப்பான எடத்துல புள்ளி வச்சா மாலையா போடுவாங்க?” நூதன் அடுத்த தாளைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“தப்பா? எங்க வீடே அங்கதாங்க்கா இருக்கு. பச்சேலி. வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தா அந்த இரும்பு மலைதான் தெரியும். மழ பேஞ்சா ஓடையில தண்ணி செங்கல்லக் கரைச்சு விட்டாப்புல வரும், வெள்ளத் துணியே தொவைக்க முடியாது. ராய்ப்பூர் போகணும்னா ராத்திரி பூரா பஸ்ல குந்தியிருக்கணும். நீங்க செவப்பு மையில வச்சிருக்கீங்களே, அந்த எடத்துல எங்க வீடு இருந்தா மத்தியானச் சோத்துக்கே ராய்ப்பூர் போயிருவேன்!”

“உங்க வீட்டு விலாசமெல்லாம் பரீட்சைக்கு ஆகாதும்மா. பிராச்சி மேடம் நோட்ஸ் இருக்கா? எடுத்துப் பாரு. அதுல எங்க இருக்கோ அங்கதான்.”

பிராச்சி மேடம் என்றதும் அந்தப் பெண் மேஜையை விட்டு விலகினாள். தாளைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிராச்சி திரிவேதி நாலு வருடத்துக்கு முன் நல்ல ரேங்க் எடுத்துப் பாஸானவள். இப்போது எங்கோ ஒரு மாவட்டத்தில் அரசாங்கக் கார் வைத்த அதிகாரி. அவள் பெயரில் ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் வரைபட நோட்ஸ்தான் இந்தி வழியில் புவியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு வேதம். அந்த நோட்ஸ் பிராச்சியுடையதே இல்லை. அவளோடு ஒரே அறையில் இருந்த நூதனுடையது. அத்தனை புள்ளியும் நூதன் வைத்தது. “நோட்ஸ் கொஞ்சம் குடுடி, பாத்துட்டுத் தரேன்” என்று வாங்கினவள் பாஸானாள். கடைக்காரர் கேட்டபோது கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, நூதனுக்கு ஒரு டப்பா லட்டு அனுப்பினாள். தோற்றவள் பேரைப் போட்டால் யார் வாங்குவார்கள்? நூதன் லட்டைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

ஆனால் அன்று அவளுக்குப் பேனா ஓடவில்லை. மத்தியானச் சோற்றுக்கே ராய்ப்பூர்! இந்தச் சின்னப் பெண் என்ன இப்படி அடித்துச் சொல்கிறாள்? ‘இருடி, காட்டுறேன்’ என்று எரிச்சலோடு எழுந்து போய் அலமாரியிலிருந்த பெரிய அட்லஸை எடுத்து விரித்தாள்.

பைலாடிலா தெற்கே இருந்தது. அவள் வைத்த புள்ளிக்கு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே, குலேஸ்வரி வைத்த இடத்தில். நூதனின் புள்ளி இருந்த இடத்தில் தல்லி ராஜ்ஹரா என்ற வேறொரு இரும்புச் சுரங்கம். எட்டு வருடத்துக்கு முன் எதையோ பார்த்து வரைந்தபோது கை தவறியிருக்கிறது. அதற்குப்பின் அவள் அட்லஸைத் திறக்கவே இல்லை. எதற்குத் திறப்பாள்? மேப் அக்கா ஆயிற்றே!

மற்றவர்கள் இன்னும் வாங்கிப் போகாத விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். நாற்பத்திரண்டு தாள். முப்பத்தெட்டில் புள்ளி அவளுடைய தப்பான இடத்தில், அச்சு எடுத்த மாதிரி. எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தாள். நாலே தாளில் சரியான இடம். நாலுக்கும் குறுக்குக் கோடு. கோச்சிங் சென்டர் கொடுத்த விடைக் குறிப்பு அவள் பையிலேயே பிரித்துப் பார்க்காமல் மடித்தபடி கிடந்தது.

அடுத்த இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் தன் புள்ளிகள் நானூற்றுச் சொச்சத்தையும் அட்லஸோடு ஒப்பிட்டாள். மற்றதெல்லாம் சரி. மூன்று வருடத்துக்கு முந்தைய கேள்வித்தாளையும் தேடி எடுத்தாள். அதில் பைலாடிலா இல்லை. அப்போ அந்த ரெண்டு மார்க் வேறு எங்கோதான் போயிருக்கிறது. நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது அவளுக்கு.

ஆத்திரத்தின் பின்னாலேயே ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பைலாடிலா கேள்வியில் வந்தால் ஆயிரக்கணக்கான பேர் தப்பாக வைப்பார்கள். நான் மட்டும் சரியாக வைப்பேன். ரெண்டு மார்க்! கடைசி முறை! நானா எல்லாரையும் அந்த நோட்ஸை வாங்கச் சொன்னேன்? இப்படித் தனக்குத் தானே வாதாடிக்கொண்டு, நாலு நாள் பத்ரா சினிமாக் கொட்டகைக்கும் அறைக்கும் நடுவே நடந்தாள். சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். பழக்கடைக்காரன்கூட, “அக்காவுக்குப் பரீட்சை வந்துருச்சு டோய்” என்றான்.

ஐந்தாம் நாள் அடுத்த தேர்வின் கட்டு வந்தது. பழைய இடங்களையே மறுபடி கேட்டிருந்தார்கள். நாலாவதாகக் குலேஸ்வரியின் தாள். வரைபடத்தைப் புரட்டினாள் நூதன். பைலாடிலா புள்ளிக்கு நேர் தெற்கே காகிதம் நைந்து மங்கலாக இருந்தது. அந்தப் பெண் பென்சிலில் முதலில் தன் வீட்டில்தான் புள்ளி வைத்திருக்கிறாள். பிறகு ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்து அழித்துவிட்டு, ஒரு கட்டைவிரல் மேலே, நூதனின் தப்பான இடத்தில், மையில் அழுத்தி வைத்திருக்கிறாள். பிராச்சி மேடம் நோட்ஸில் இருப்பது போலவே.

நூதனுக்கு அழுகை வந்துவிட்டது. அடிப் பாவி, நீ பிறந்த இடத்தையே அழிச்சியாடி! என் பேச்சைக் கேட்டா? அந்த முப்பத்தெட்டு பேருக்காக வராத வெட்கம் இந்த ஒரு ரப்பர் தடத்துக்காக வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக சச்தேவாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பிராச்சி நோட்ஸின் மூலப்பிரதி அவரிடம்தான் இருந்தது.

“அங்கிள், அதுல ஒரு தப்பு இருக்கு. மாத்தணும்.”

சச்தேவா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “யாரு நோட்ஸ்ல? பிராச்சி மேடம் நோட்ஸ்லயா? அவங்க கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்திருக்காங்க. நீ எங் கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருக்க. இதுல யாரு சொல்றது தப்பு, நீயே சொல்லு பாப்போம்.”

“அங்கிள், அது என் நோட்ஸ்.”

“எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன், கங்கையே எங்க தாத்தா வெட்டுனதுன்னான்.”

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நூதன் கவுண்டரில் கிடந்த ஒரு வெற்றுத் தாளை இழுத்தாள். பதினைந்து விநாடியில் ஒரு இந்தியா. அதில் அவள் ஊர் கோசி ஆறு. மற்றவர்கள் ஒரே கோடாகப் போடுகிற ஆற்றை அவள் எப்போதும் ஏழு இழையாகப் பிரித்துப் போடுவாள்; வருடத்துக்கு ஒரு பக்கம் ஓடுகிற ஆறு அது. சச்தேவா மூலப்பிரதியைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே ஏழு இழை. சிரிப்பு நின்றுபோயிற்று.

“இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?” என்றார், குரல் இறங்கி.

“சொன்னா வித்திருக்குமா?”

அவர் வொயிட்னரை எடுத்து நீட்டினார். நூதன் பழைய புள்ளியை மூடி, கட்டைவிரலை அளவாக வைத்து, கீழே புதுப் புள்ளி வைத்தாள். மறுநாளே கடை வாசலில் கொட்டை எழுத்தில் தொங்கியது: ‘பிராச்சி மேடம் திருத்திய புதிய பதிப்பு. பைலாடிலா மாற்றப்பட்டுள்ளது. பழையது வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை இலவசமாக வாங்கிச் செல்லவும்.’

“அங்கிள்!” என்று கத்தினாள் நூதன்.

“நீதான சொன்ன, உம் பேரு போட்டா விக்காதுன்னு? திருத்தம் எல்லாருக்கும் போயிச் சேரணுமா வேண்டாமா?” என்றார் அவர். பத்தே நாளில் முகர்ஜி நகர் முழுக்க பைலாடிலா தெற்கே இறங்கிவிட்டது. நூதன் குலேஸ்வரியைத் தேடிப் பிடித்து, “நீ வச்சதுதாம்மா சரி. நான்தான் தப்பு” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

பரீட்சை வந்தது. கடைசி நாள் மத்தியானம், புவியியல் இரண்டாம் தாள். வரைபடக் கேள்வியில் ஆறாவது இடம் பைலாடிலா. பார்த்ததும் நூதன் நெஞ்சு துள்ளியது. ‘வந்துட்டியாடி!’ என்று பேனாவைக் கொண்டுபோனாள். கொண்டுபோன கை அப்படியே நின்றது.

மேலேயா, கீழேயா?

இரண்டு புள்ளியும் தெரிந்தன. எட்டு வருடம் வைத்த இடம் ஒன்று. ஐந்து வாரமாக வைத்த இடம் ஒன்று. எது பழையது, எது புதியது? எதைத் திருத்தினேன்? எதற்குத் திருத்தினேன்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அவள் கை மேலேதான் இழுத்தது. புத்தி கீழே என்றது, உடனே இல்லை மேலே என்றது. அட்லஸை நினைத்துப் பார்த்தாள். அதிலும் இரண்டு புள்ளி. இரண்டு மார்க். மறுபடியும் அதே இரண்டு மார்க்! கடவுளே, எனக்கென்றே வருமா இது?

கண்ணை இறுக மூடினாள். அட்லஸ் வரவில்லை, நோட்ஸ் வரவில்லை. குலேஸ்வரியின் தாள் வந்தது. ரப்பர் தேய்த்து நைந்துபோன அந்த இடம், கட்டைவிரல் பட்டால் கிழிந்துவிடும் போல. மறக்கக்கூடிய இடமா அது? நூதன் கண்ணைத் திறந்து, அங்கே அழுத்திப் புள்ளி வைத்தாள்.

வெளியே வந்தபோது பெருமழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முழங்காலளவு தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குலேஸ்வரி ஓடிவந்தாள்.

“அக்கா! எங்க ஊரு வந்துச்சு! வீட்டுலயே வச்சுட்டேங்க்கா! நீங்க எங்க வச்சீங்க?”

“உங்க வீட்டுலதாண்டி” என்றாள் நூதன்.

நேர்முகத் தேர்வுக்கான பட்டியல் வந்தபோது இருவர் பெயரும் அதில் இல்லை. குலேஸ்வரிக்கு இன்னும் முறைகள் இருந்தன. மறுநாளே நூலகத்தில் இடம்பிடித்துவிட்டாள். ஏப்ரல் வெயிலில் மார்க் வெளியானது. நூதனுக்குப் பதினோரு மார்க் குறைவு. இரண்டு இல்லை, பதினொன்று. தெருவில் நின்று இரண்டு தடவை படித்தாள். தேட வேண்டிய இரண்டு எதுவும் இனி இல்லை. அப்பாடா என்றிருந்தது, அப்படி இருந்ததே என்று அழுகையும் வந்தது. ஒரு டீ வாங்கி, எட்டு வருடத்தில் முதல்முறையாக பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள்.

பிறகு ஊருக்குப் போன் போட்டாள்.

“அப்பா, பதினோரு மார்க்குப்பா.”

அந்தப் பக்கம் சோளம் உதிர்க்கிற மெஷின் சத்தம் நின்றது. “முன்ன ஒரு தடவ ரெண்டுன்னு சொன்ன?”

“ஆமாப்பா.”

“இப்ப பதினொண்ணா? பரவால்லையே, ஏறியிருக்கியேம்மா!”

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லையா, இல்லை அவளைச் சிரிக்கவைக்கச் சொன்னாரா என்று நூதன் கேட்கவில்லை. “ஆமாப்பா, ஏறியிருக்கேன்” என்றாள்.