திரும்பாத டிக்கெட்டும் இரண்டு பூப்பொட்டலங்களும்

மகனைப் பார்க்க வெளிநாடு போக எந்த நாளில் விமானக் கட்டணம் குறைவு என்று விசாரிக்க, செம்மேட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். குண்டனி நாடு என்ற மலைப்பகுதியின் மிளகு விவசாயி. ஒல்லி உடம்பு, தலையில் துண்டு. பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மீசையைத் துடைத்துக்கொள்வார்.

சிங்கப்பூரில் அவர் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம், துணைக்கு ஆளில்லை. திருச்சியிலிருந்து மலிவு விலையில் ஒரே சீட்டுதான் மிச்சம். எடுத்துவிட்டால் பணம் திரும்பாது.

"சாமிகிட்டப் பூக் கேக்காம எப்படிங்க?" என்றார்.

"சாமி யோசிக்கறதுக்குள்ள சீட்டுப் போயிருமுங்கண்ணா," என்றாள் கடைக்காரப் பெண்.

அவர் மடியிலிருந்து இரண்டு இலைப்பொட்டலங்களை எடுத்து, சுவரிலிருந்த முருகன் படத்தடியில் வைத்தார். ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் போகலாம். என்னை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது.

"மூணு தடவ கேக்கலாமுங்க," என்றார்.

மறுபடியும் சிவப்பு. கடைக்காரப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பூக்களை மீண்டும் மடித்தார்.

"இப்ப எடுங்க சாமி," என்றார் என்னிடம்.

வெள்ளை!

"போடு கண்ணு டிக்கெட்ட!" என்று கத்தினார்.

எதையும் சரிபார்க்காமல் விட்டுப் பழக்கமில்லாத நான், மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கப் போனேன். அவர் என் கையை அமுக்கிப் பிடித்தார்.

"ஒண்ணு போதுமுங்க."

அந்தப் பொட்டலத்தில் என்ன நிறப் பூ இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.