இரண்டு மாத்திரைகளில் எதை விடுவது

மண்ணில் விழுந்த ரத்தம் உள்ளே இறங்கிக் கறுத்துவிடும். ஈர உப்பின் மேல் விழுந்தால் அப்படியல்ல. பரவி, ஓரம் வெளுத்து, நடுவில் மட்டும் சிவப்பாக நெடுநேரம் நிற்கும். மரக்காணம் உப்பளத்தில் ஒரு சித்திரை மாதக் காலையில் அதைப் பார்த்தேன். எங்கள் மேஸ்திரியின் குதிகாலை உடைந்த பாட்டில் துண்டு கிழித்திருந்தது. சின்ன வெட்டுதான். உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குக் காலில் வெட்டு புதிதில்லை. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த பாத்தியில் இறங்கிவிடுவோம். ஆனால் அன்று கட்டிய துணி நனைந்தது. மாற்றிக் கட்டியதும் நனைந்தது. மேஸ்திரி வரப்பில் உட்கார்ந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னாடா இது, மோட்டார் போட்ட மாதிரி வருது?" என்றார்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று ஊர் ஊராகப் போய், அவருடைய ஆட்களில் ஒருவனாக அங்கே சேர்ந்திருந்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருடம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். அங்கே மூன்று பருவம் இருந்ததற்குக் காரணம் அவருடைய வாய்தான். வேலை தொடங்கும் விடியற்காலையிலேயே அந்தக் குரல் பாத்திகளுக்கு மேலே பறக்கும். என் கை சற்று மெதுவாக ஓடினால், "டேய், உப்பு வார்றியா, தலை வார்றியா?" என்பார். சுமக்கும் பெண்களிடம், "கூடையில உப்பு எடுத்துக்கினு போம்மா, காத்த எடுத்துக்கினு போவாத" என்பார். அவர்களும் விடமாட்டார்கள். "உன் வாயத் தூக்கி வெச்சா கூடை ரொம்பிடும் மேஸ்திரி" என்று ஒருத்தி சொல்ல, முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும்.

அந்த வருடம் தை மாதத்தில் அவர் திட்டுவதை நிறுத்தினார். முதல் சில நாட்கள் எங்களுக்குக் கொண்டாட்டம். பிறகு பயம் வந்தது. வந்து நிற்பார், பாத்தியைப் பார்ப்பார், போய்விடுவார். வயிறு சரியில்லை என்று கொண்டுவந்த சோற்றை அப்படியே திருப்பிக்கொண்டு போவார். சட்டை தொளதொளத்தது. ஒரு நாள் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்பா, அங்கியாவது உங்கள எல்லாம் திட்றாரா? வூட்ல ஒரு வார்த்தை இல்ல. படுக்கிறாரு, ஆனா தூங்கல." இல்லை என்றேன். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் திட்டவில்லையே என்று அழுத பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆளாளுக்குக் காரணம் தேடினார்கள். முதலாளி ஏதாவது சொல்லிவிட்டாரா, மகள் வீட்டில் பிரச்சினையா, யாராவது ஏதாவது செய்து வைத்துவிட்டார்களா என்றெல்லாம் பேச்சு. ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "காரணம் இருந்தா சொல்லிட்டுப் போவேன்டா" என்றார் என்னிடம். வயிற்றுக்கென்று சாப்பிட்ட மருந்துகள் எதுவும் கேட்காததால், டவுன் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் வரும் மனநல டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்கள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

செரோடோனின் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சொல்லும் சேதியைக் கொண்டுபோகிற பொருள் அது என்றார் டாக்டரம்மா. உடம்பில் இருக்கும் செரோடோனினில் பெரும்பங்கு தலையில் இல்லையாம், குடலில்தான் உண்டாகிறதாம். சாப்பிட்டதை நகர்த்திக்கொண்டு போவதில் அதற்கு வேலை இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தனியாகச் செய்துகொள்கிறது. தூக்கம், பசி, மனசு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. "அது கம்மியானதாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அவ்வளவு சுலபமான கணக்கு இல்ல இது. ஆனா இந்த மாத்திரை நிறைய பேருக்குக் கைகொடுக்குது. நரம்பு, தான் வெளியவிட்ட செரோடோனின திரும்ப உள்ள இழுத்துக்கும். அந்த இழுப்ப இது கொறைக்கும்."

அதுவரை தலை குனிந்திருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். "புதுசா தண்ணி விடல. வடியிற மடைய அடைக்கிறீங்க."

"ஏறக்குறைய அதேதாங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். "ஆனா ஒரே நாள்ல உப்பு விளையாது. சில வாரம் ஆகும். மொதல்ல வயித்தப் பொரட்டும். அதுக்காக நிறுத்திடாதீங்க. எப்ப நிறுத்தறதா இருந்தாலும் என்னக் கேளுங்க."

சொன்னபடியே வயிற்றைப் புரட்டியது. குடலில்தான் அந்தச் சரக்கு அதிகம் என்பதால் மருந்தின் வரவும் முதலில் அங்கேதான் தெரிந்தது போலும். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், நான் பாத்தியின் மூலையை விட்டுவிட்டு நகர்ந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த மூலை இன்னா உங்க மாமனார் சீதனமா, தொடாம வெச்சிருக்க?" உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு நான் சிரித்தேன். பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்தக் குதிகால் வெட்டு வந்தது.

உப்பளத்தில் எல்லோர் மடியிலும் வலி மாத்திரை இருக்கும். கடையில் சில்லறையாக வாங்குவது. காலையில் டீயோடு ஒன்று, இடுப்பு வலி கேட்காவிட்டால் இன்னொன்று. அதை நாங்கள் மருந்து என்றே நினைப்பதில்லை. தலையில் வைக்கும் சும்மாடு போல வேலைச் சாமான்களில் அதுவும் ஒன்று. டாக்டரம்மா வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது மேஸ்திரி ஒன்றும் இல்லை என்றது பொய் சொல்வதற்காக இல்லை. அவருக்கு அது நினைவிலேயே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்ட நர்சு அவர் சட்டைப்பையில் இரண்டு மாத்திரை அட்டைகளையும் பார்த்துவிட்டார். ரத்தம் உறைவதற்கும் செரோடோனின் உதவுகிறது, இந்த மாத்திரையால் ரத்த அணுக்களில் அது குறையும், கூடவே வலி மாத்திரையும் சேர்ந்தால் ரத்தம் நிற்க நேரமாகும் என்று விளக்கினார். "ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. டாக்டரம்மா வர்ற அன்னிக்குக் கட்டாயம் போய்க் கேளுங்க."

நாங்கள் போய்க் கேட்கவில்லை. வெயில் கொளுத்தும் மாதம் அது; உப்பு நன்றாக விளையும்போது ஒரு நாள் வேலையை யாரும் விடமாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்தார் மேஸ்திரி. "நீ படிச்சவன். சொல்லு, ரெண்டுல எத விடுறது?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "இடுப்பு வலிச்சா வேலை நின்னுடும். மனசு வலிச்சா நிக்காது. அதுவும் உங்களுக்கு இப்ப நல்லாதான இருக்குது" என்றேன். அவர் தலையாட்டி, டாக்டரம்மா கொடுத்த மாத்திரை அட்டையை ஓரமாகத் தள்ளினார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொன்னவன் நான்.

இரண்டு மூன்று நாளில் தலை சுற்றியது. திரும்பினால் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறது என்றார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினார். பழைய திட்டுத்தான் திரும்பிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் பழைய திட்டில் இருந்த சிரிப்பு அதில் இல்லை. பிறகு கத்தலும் நின்றது. சோறு திரும்பி வீட்டுக்குப் போகத் தொடங்கியது. வைகாசி முடிவதற்குள் தை மாதத்தில் இருந்ததைவிட மோசமாகிவிட்டார். மாத்திரையை விட்டது அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளைக்குச் சரியாகும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

ஒரு முன்பகலில் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஷெட்டின் சாவியை என்னிடம் நீட்டினார். அந்தச் சாவி அவர் அரைஞாண் கயிற்றை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு நீ போடு மோட்டார. இனிமே நீயே போட்டுக்க."

"எங்க போறீங்க?"

"எங்கியும் இல்ல."

ஊர் ஊராகக் கிளம்பிப் போனவன் நான். வேறு ஊருக்குப் போகிறவன் எப்படிப் பேசுவான் என்பது எனக்குத் தெரியும். போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒரு சொல்லாவது அதில் இருக்கும். இந்தப் பேச்சில் அது இல்லை. சாவியை வாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டேன். "செத்துப்போகலாம்னு தோணுதா?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தோணுதுடா" என்றார் மெதுவாக. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோல் இருந்தது அந்தக் குரல்.

கையை விடாமலே அண்ணிக்கு போன் செய்தேன். அண்ணி வந்ததும் மூவரும் ஒரே வண்டியில் டாக்டரம்மா தினமும் உட்காரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவில் மேஸ்திரி. அங்கே மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று டாக்டரம்மா கேட்டபோது மேஸ்திரி, "நானாதாங்க விட்டேன்" என்றார். "இல்லீங்க, நான்தான் சொன்னேன்" என்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எந்த ஊருக்குப் போனாலும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சில நாள் அவரை அங்கேயே வைத்துக்கொண்டார். அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். இடுப்புக்கு ரத்தத்தைத் தொந்தரவு செய்யாத வேறு மாத்திரை எழுதினார், வலி அதிகமானால் வேலையை விட்டு உட்காரச் சொன்னார். "உட்கார்றதா?" என்று மேஸ்திரி கேட்டது, தன்னை யாரோ கேலி செய்வதுபோல் இருந்தது.

அவர் பழையபடி ஆவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மழையில் உப்பளம் மூடியதும் நானும் கிளம்பினேன். கால் அரித்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அண்ணியின் முகத்தைத் தினமும் பார்க்கும் தைரியம் இல்லை. இப்போது குயிலாப்பாளையத்தில், வெளியூர் வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்கும் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலையும் தண்ணீர் வேலையும் பார்க்கிறேன். இங்கே வந்து தங்குகிறவர்களில் சிலர் செரோடோனின் என்ற சொல்லை டீ, காபி போலச் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மேஸ்திரி போன் செய்தார்.

"டேய், நாடோடி. மாத்திரை நிறுத்தியாச்சு. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு, நேத்தோட முடிஞ்சுது."

"யார் நிறுத்தச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

"பயப்படாத. டாக்டரம்மா சொன்னாங்க. நீயில்ல." சிரித்தார். பின்னால் அண்ணியின் சிரிப்பும் கேட்டது. "திரும்ப எதனா தோணுச்சுன்னா ஒடனே வரணுமாம். உங்க அண்ணி நாள் தவறாம மூஞ்சியப் பாத்துக்கினு இருக்குது."

செடிக்கு ஓடிய தண்ணீரை நிறுத்தினேன். பிறகு, "இடுப்பு எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றார். "அதான் இன்னிக்கு லீவு போட்டுட்டுப் படுத்திருக்கேன்."